பன்றிக் காதில் கண்ட பொறாமை

சோலூலா ஊர்ச் சந்தையில் ஞாயிறு விடிந்தால் தேவாலயத்தைவிட வைத்தியர் தோன் கசிமிரோவின் கூடாரத்தில்தான் கூட்டம். காது அடைப்பா? மெழுகு பூசிய காகிதக் கூம்பைக் காதில் செருகி, மேல் முனையில் தீ வைப்பார். எரிந்து முடிந்ததும் அடிக்கட்டையைப் பிரிப்பார். உள்ளே மஞ்சளாகக் குரும்பி, அதாவது காதழுக்கு. அதைப் பார்த்தே யார் பொறாமையால் காது அடைத்தது என்றும் சொல்லிவிடுவார். காதுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது மருத்துவக் கல்லூரிகளுக்கு இன்னும் தெரியாது.

வர முடியாதவர்கள் வீட்டிலேயே எரித்துக் கட்டையை மட்டும் கொடுத்தனுப்பலாம். தாராள மனசு.

போசோலே என்ற பன்றிக்கறிச் சோளக்கஞ்சி விற்கும் கடைக்காரி எல்விராவுக்கு இடது காது அடைத்திருந்தது. "உன்கூட ஒரே பானையில கரண்டி விடுறவளோட பொறாமை" என்றார் கசிமிரோ. அது அவள் அண்ணன் மனைவி நிகானோரா. பதினோரு வருஷம் சேர்ந்து நடத்திய கடை. அடுப்பும் பானையும் மட்டும் எல்விராவுடையவை. இந்த மாதத்தோடு விலகிக்கொள் என்று எல்விரா அவளிடம் சொல்லிவிட்டாள். நிகானோராவுக்கு வேறு பிழைப்பில்லை. எல்விராவின் காதில் சூடான மெழுகு சொட்டிக் கொப்பளித்திருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிகானோரா அழவில்லை. ஒரு கூம்பு வாங்கினாள். போசோலேவுக்கு வாங்கிய பன்றித்தலை பலகைமேல் கிடந்தது. எல்விராவை எதிரே நிற்கவைத்து, பன்றியின் காதில் கூம்பைச் செருகிப் பற்றவைத்தாள். பன்றி மறுப்புத் தெரிவிக்கவில்லை.

"நீ வாயத் தொறக்காத. கூட வா, போதும்."

கூடாரத்தில் கட்டையை நீட்டினாள். எங்கள் வீட்டு ஆள், என்ன சொன்னாலும் காதில் விழுவதில்லை என்றாள். கசிமிரோ பிரித்தார், மூக்கைச் சுளித்தார்.

"எவ்வளவு குரும்பி. எல்லாம் கூடப் பொறந்தவங்க பொறாமை. ராத்திரி தூக்கமே வராதே?"

"நல்லாத் தூங்குறாருங்க ஐயா."

"இன்னும் மூணு கூம்பு வச்சா கேட்டுடும்."

நிகானோரா தன்னோடு கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து பன்றித்தலையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். "வச்சு விடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கசிமிரோவுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

"மதினி, அப்ப என் காதுல வந்தது?"

"கூம்புல பூசின மெழுகுடி. எரிஞ்சு உருகி அடியில தங்குது."

சுகாதார நிலையத்தில் செவிலி முதலில் விளக்கடித்து, செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள். கொப்புளத்துக்கு மருந்து தந்தாள். அது ஆறியபின் ஐந்து நாள் எண்ணெய்ச் சொட்டு. பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவினாள். பட்டாணியளவு குரும்பி வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. எல்விரா மதினியைக் கடையிலேயே இருக்கச் சொன்னாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூடாரம் பக்கத்து ஊருக்கு மாறியிருந்தது. இங்கிருந்தே பாதிப் பேர் பஸ் ஏறினார்கள். பன்றிக் காது வேறு, மனுஷக் காது வேறு என்று விளக்கமும் சொன்னார்கள். தலையை வெட்டிய பிறகுதான் அந்தப் பன்றியால் யோசிக்க முடியாமல் போனது. பஸ் ஏறியவர்களே, உங்களுக்கு என்ன வந்தது?