கண்டக்டர் வீட்டுக் கேரட்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மனிதர்களோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் ஏராளம். மண்ணோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்து நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரும் விசாரித்ததில்லை.

அந்த மண்ணும் லேசுப்பட்டதல்ல. நெல் வயலை மனை போட்டு விற்ற இடம். சுத்தக் களி. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்து, கீழே விழுந்த சாவியை விழுங்கிவிடும். அதில்தான் அவர் கேரட் போட்டார்.

காரணம் மாமனார். மலைக்குப் போய்வந்த பழக்கத்தில் மலையிலேயே பெண் எடுத்தவர் கண்டக்டர். கல்யாணத்தன்று மாமனார் சபையில் சொன்னாராம்: "எங்க மண்ணுல குச்சிய ஒடிச்சி நட்டா கெழங்கு ஓடுது. கீழ இருக்கற களியில வேரே எறங்காது. அதுல கொண்டுபோயி எம்பொண்ண நடறேன்."

அதன் பிறகு பொங்கல், தீபாவளி எதற்கும் அவர் மகள் வீட்டுப் படி ஏறவில்லை. கண்டக்டரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா இதைப் பற்றிப் பேசவே மாட்டார். பண்டிகைக்கு முதல் நாள் மட்டும் வாசலை இரண்டு தடவை பெருக்குவார்.

முதல் வருடக் கேரட்டுக்கு ஆளுக்கு மூன்று கால். ஒன்று சம்மணம் போட்டிருந்தது. இரண்டு, ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருந்தன. அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தல எதுங்க?"

"கழுவிப் பாரு, தெரியும்."

கழுவியும் தெரியவில்லை.

கண்டக்டர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்க ஆரம்பித்தார். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "களிமண்ண எளக்கறதுக்கு இன்னா பண்லாம்?" என்பார். வடக்கனந்தலில் ஏறிய ஒருவர், "மணல் கொட்டு" என்றார். ஒரு வண்டி மணல் வந்து இறங்கியது. மண்ணோடு கலந்து, தண்ணீர் விட்டு, வெயிலில் காய்ந்த பிறகு கடப்பாரை போட்டால் கடப்பாரை எகிறியது. குளியலறை பூச வந்த கொத்தனார் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கலவை சார் இது? நமக்கே இந்த மாதிரி செட் ஆவமாட்டேங்குது" என்று பொறாமையோடு கேட்டார்.

அன்றுதான் பேச்சு நின்றது. தினமும் பல் தேய்த்துக்கொண்டே மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தவர், தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் குழாயடிக்குப் போய்வந்தார்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குச் சோறு போடும்போது அக்கா சொன்னது படியில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"வேரு கீழ போவமாட்டேங்குதுன்னா மண்ண மேல ஏத்துங்களேன். முட்டி ஒசரம் மேடு கட்டி, சாணி எரு, எல தழ, உமி எல்லாம் போட்டு மக்க வுடுங்க. அப்பறம் யாரும் அதும்மேல கால வெக்கக் கூடாது."

"இத ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"நீங்க எங்க என்னக் கேட்டீங்க? பஸ்ல வர்றவங்களத்தான கேட்டீங்க."

மேடு எழுந்தது. காவலும் கூடவே வந்தது. கண்டக்டர் வீட்டில் லுங்கியோடு இருக்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கியது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மேட்டில் கால் வைக்கப் போக, ஒரு விசில். அந்த மனிதர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். காலைப் பாதையில் திருப்பி வைத்த பிறகுதான் அவருக்கு இரண்டு விசில் கிடைத்தது. மழை பெய்த மறுநாள் அக்காவுக்கே அனுமதி கிடையாது. கண்டக்டர் ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பார்ப்பார். உருண்டையாக நின்றால், "ஈரமாக்கீது. கெளறுனா கல்லாய்டும். உள்ள போ" என்பார்.

தை மாதம் கேரட் வந்தது. குட்டைதான். கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம். ஆனால் ஒற்றைக் கால். கண்டக்டர் அதை மஞ்சள் பையில் போட்டு மலைக்குக் கொண்டுபோய், பஸ் நின்ற இடத்தில் மாமனாரிடம் கொடுத்தார். அவர் ஒன்றைக் கடித்து நிதானமாக மென்றார்.

"எந்த சந்தையில வாங்கன?"

கண்டக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "நம்பலன்னா வந்து புடுங்கிப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதி பஸ்ஸைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மாமனார் வந்தே விட்டார். சொல்லாமல், அதே பஸ்ஸில். மருமகனிடம் டிக்கெட் வாங்கியதோடு சரி, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டுக்குள்கூட வராமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். மேட்டின் மேலேயே ஒரு காலை ஊன்றிக் குனிந்தார். கண்டக்டரின் கை விசிலை எடுத்தது. வாய்வரை போய், இறங்கிவிட்டது. மாமனார் முழங்கைவரை கையை மண்ணுக்குள் விட்டுத் துழாவினார். பிறகு ஒரு கேரட்டைப் பிடுங்கித் துண்டில் துடைத்தார்.

"குள்ளமாத்தான் கீது. ஆனா நேராக்கீது."

கண்டக்டர் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் மேல். மாமனார் எதைப் பார்த்து அதைச் சொன்னார் என்று மாடியிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கேரட்டை அக்காவிடம் நீட்டி, "நல்லாத்தான் இருக்க" என்றார். அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போன அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாலை பஸ்ஸுக்கு மாமனார் கிளம்பவில்லை. கண்டக்டர் மட்டும் டியூட்டிக்குப் புறப்பட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சார், வூட்ல மாமனாரு வந்துகீறாரு. ரெண்டு நாளு இருப்பாரு."

அன்றைக்கு அவர் இதை என்னிடம் சொல்வது மூன்றாவது தடவை. நான் முதல் தடவை கேட்பதுபோல, "அப்படிங்களா?" என்றேன்.