எங்கள் வீட்டின் சனத்தொகை

உலகத்தின் சனத்தொகை எண்ணூற்றி இருபது கோடிக்குக் கிட்ட. இலங்கையில் இரண்டு கோடிக்குச் சற்று மேலே. தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டே இரண்டு. முதல் இரண்டு கணக்கும் பிழைத்தால் நான் பொறுப்பில்லை. மூன்றாவதைப் பிசகாமல் சொல்லிவிடுவது என்று அன்று காலை சபதம் எடுத்தேன்.

தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவன் நான். நாடுகளின் பெயர்களில் அப்போதே ஒரு மோகம். ஓய்வு பெற்ற பிறகு, எந்த நாட்டில் எத்தனை பேர் என்று போனில் தேடுவதுதான் முழுநேர வேலை. கண்டதை மனைவி இலட்சுமிக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சொன்னால் அவளுக்கு இறங்காது.

"இஞ்சார், வத்திக்கானிலை ஆயிரம் பேரும் இல்லையாம்."

"எங்கடை ஆஸ்பத்திரியிலை மருந்தெடுக்க அதைவிடக் கூட நிக்குதுகள்."

"இந்தியா சீனாவை முந்திட்டுது."

"முந்தட்டும். நீங்கள் வெயில் ஏற முதல் கிணத்தடிக்கு முந்துங்கோ."

"பிற்கெய்ன் எண்டு ஒரு தீவு. ஐம்பது பேர் வரைதான்."

அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்கை ஒராளைக் காணேல்லையெண்டால் உடனை தெரிஞ்சிடும், என்ன?"

நான் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஒரே மகன் பிரதீபன். இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிகிற நாட்களில், வட்டுவாகல் பாலத்தடியில், சன நெரிசலில் என் கையை விட்டவன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது. நாங்கள் தேடாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. வருடா வருடம் வாக்காளர் படிவம் வரும்போது அவன் பெயரையும் எழுதித்தான் கொடுப்பேன். எனக்காக இல்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் இலட்சுமி உடைந்து போவாள். பெத்த வயிறு. ஆம்பிளை நான்தானே தாங்க வேண்டும்.

இந்தமுறை வந்தது குடிசன மதிப்பீடு. வழக்கமாக வீட்டில் இருப்பவர்களை மட்டும் சொல்ல வேண்டுமாம். சனத்தொகையில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இலட்சுமியை முன்னால் வைத்துக்கொண்டு "ரெண்டு" என்று எப்படிச் சொல்வது? ஒரு திட்டம் போட்டேன். கணக்கெடுக்க வரும் நாளில் அவளைக் கிளப்பி விடுவது.

"உன்ரை தங்கச்சி பிரேமிளாவுக்குச் சுகமில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"சந்தையிலை கதைச்சவை."

"என்ன வருத்தமாம்?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

"பல்லு... முழங்கால்."

"பல்லோ, முழங்காலோ?"

"ரெண்டும்."

"அப்ப கட்டாயம் போகத்தான் வேணும்."

அடுத்த பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்கு, அக்கராயனுக்கு ஏறிவிட்டாள். வழக்கமாக அரைமணித்தியாலம் குறுக்கு விசாரணை நடக்கும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கஜேந்தினி வந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர், கணக்கெடுப்புக்கு விட்டிருந்தார்கள். கதிரையில் இருந்து, கையிலிருந்த டப்பின் திரையைத் தட்டினாள்.

"ஐயா, வீட்டிலை எத்தினை பேர்?"

நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

"மூண்டு."

யார் சொன்னதென்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாருமில்லை.

"பேருகளைச் சொல்லுங்கோ."

"தங்கராசா. இலட்சுமி. பிரதீபன்."

"பிரதீபனுக்கு எத்தினை வயது?"

"முப்பத்தி நாலு. வாற தைக்கு முப்பத்தஞ்சு."

"என்ன வேலை செய்யிறார்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. வருடம் தவறாமல் அவனுக்கு வயதைக் கூட்டியிருக்கிறேன். ஒரு வேலை கொடுக்க மறந்துபோனேன். கொம்பனியோ, வயலோ, என்னைப்போலக் கடிதம் பிரிப்பதோ, ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. அழுகை வந்தது. மூக்கைச் சிந்திச் சிந்தி, சின்னப்பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், திரையில் "2" என்று கிடந்தது.

"பிள்ளை, நான் மூண்டெல்லோ சொன்னனான்?"

"கோவிக்காதையுங்கோ, ஐயா. அம்மா முந்தநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவா."

"வந்து?"

"'ரெண்டு பேர்தான் பிள்ளை, அப்பிடியே போடுங்கோ. ஆனால் இவர் மூண்டெண்டுதான் சொல்லுவார். மறிக்காதையுங்கோ. எனக்காகவெண்டு சொல்லிச் சொல்லி வருசாவருசம் அவன்ரை பேரை எழுதுறவர். மகனைப் பற்றி ஆரும் கேட்டால்தான் கதைப்பார், கேளுங்கோ. பதினைஞ்சு வருசமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. நான் பக்கத்திலை நிண்டால் அழமாட்டார். அண்டைக்கு என்னை எங்கையாவது அனுப்பத்தான் பாப்பார், நானும் போயிடுவன்' எண்டு சொன்னவா."

கஜேந்தினி டப்பை மூடினாள்.

"அழுது முடியத் தண்ணி குடுக்கவும் சொன்னவா. குசினி வாசல்லை செம்பிலை வார்த்து மூடி வைச்சிருக்காம்."

பார்த்தேன். இருந்தது.