சனிக்கிழமை இன்டர்வியூ

எண்ணெய் தேய்த்துக் குளித்தவனை நம்பி ஒரு காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. இது தென்காசியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், பட்டணத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த என்னைத் தவிர!

1940-க்கு முன்னால் நடந்த கதை. மதுரைப் பக்கத்துக் கல்லூரி பிரின்சிபால் ஒருவர் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்தார். பாண்டியர் காலத்துக் குளப் பாசனம் பற்றி நான் எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டச் சொல்லி, லீவுக்கு ஊர் வந்திருந்த எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் டியூட்டர் வேலை! ஆனந்தத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. (அப்பா அதற்குள் நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டார்.)

வாசிக்க வேண்டிய சனிக்கிழமையும் விடிந்தது. மச்சான் சங்கரன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றான்.

"ஏலே மாப்ளே, சாரல் இந்தப் போடு போடுது, நீ காயிதத்தைக் கட்டிக்கிட்டு அழுதியே! அருவியில தலையைக் காட்டிட்டுப் போலே. மூளை பளிச்சின்னு ஆயிரும்."

படிப்புக்குப் படிப்பு, குளிப்புக்குக் குளிப்பு! என்ன புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். குதிரை வண்டி பிடித்தோம். மெயின் அருவி மண்டையில் மொத்திய மொத்தில் பசி பிய்த்துக்கொண்டு வந்தது. காப்பி கிளப்பில் இலையில் விழுந்த இட்லியெல்லாம் எங்கே போயிற்று என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

சங்கரனை வாசலில் நிறுத்திவிட்டு பங்களாவுக்குள் போனேன். பிரின்சிபால் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கண் சிவந்திருந்தது, தலையில் சீயக்காய் வாசம். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"வாசியும், கேட்கிறேன்" என்றார்.

மேஜை முன்னால் உட்கார்ந்து முதல் பக்கத்தை முழங்கினேன். ஜன்னல் வழியே சாரல் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. பாண்டியன் குளம் வெட்டினான், மதகு வைத்தான், மதகைத் திறந்தான்...

"காப்பி ஆறிப்போச்சு!"

பதறி எழுந்தேன். பிரின்சிபாலின் மனைவி இரண்டு டம்ளரோடு நின்றிருந்தார். என் கன்னத்தில் ஈர மை. ஐயோ, போச்சு வேலை! அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்?

அந்தச் சத்தத்தில் பிரின்சிபாலும் துள்ளி எழுந்தார். "பிரமாதம்! முடிவுரை ரொம்பப் பிரமாதம்!"

"எது? அந்தத் தம்பி விட்ட குறட்டையா, நீங்க விட்டதா?" என்றார் அம்மையார். வாசலில் சங்கரன் சிரித்த சிரிப்பு ஐந்தருவிக்கே கேட்டிருக்கும்.

பிரின்சிபால் குரலைத் தாழ்த்தினார். "எது வரைக்கும் வாசித்தீர்?"

"முதல் பக்கம் சார்."

"நானும் அது வரைக்கும்தான் கேட்டேன்." காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "பாஸ் பண்ணிவிட்டு வந்து சேரும். சனிக்கிழமை மட்டும் உமக்கு வகுப்பு கிடையாது."

அப்படியே சேர்ந்து, ரிட்டயரும் ஆகிவிட்டேன். ஆனால் சங்கரன் ஊரெல்லாம் பற்றவைத்த இந்தக் கதை இன்னும் அணையவில்லை. மத்தியானம் என்னைத் தேடி யார் வந்தாலும் என் மனைவி முகம் மாறாமல், "அவுக இன்டர்வியூவில இருக்காக" என்பாள். விஷயம் தெரியாத புது அண்டைவீட்டுக்காரர், "பாவம், இந்த வயசிலயும் வேலை தேடுதாகளா!" என்று கண்கலங்கி, கையில் இருந்த வாழைப்பழச் சீப்பை எனக்கென்று வைத்துவிட்டுப் போனாராம்.