திரை சரியாக இருந்தால்தானே!

வேலையைத் தொடங்குமுன் எல்லாவற்றையும் சரிசெய்கிறவர், சரிசெய்துகொண்டே இருக்கிறவர், சரிசெய்து முடிப்பதற்குள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறவர் என்றொரு மனித இனம் உண்டு. எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். உங்கள் அலுவலகத்தில் இல்லையா? அவசரப்படாதீர்கள்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் பெயின்டர். தூரிகையைத் தொட்டதே இல்லை. ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகிற காருக்குத் தெருவைக் கற்றுக்கொடுப்பது அவர் உத்தியோகம். காரின் தலையில் சுழலும் லேசர் கருவி, பார்த்ததையெல்லாம் லட்சக்கணக்கான புள்ளிகளாக அனுப்பிவைக்கும். அந்தப் புள்ளிக் கூட்டத்தில் இது லாரி, இது ஆள், இது மரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம், பின்னணி கறுப்பா கருநீலமா, உயரத்துக்கு ஒரு நிறமா தூரத்துக்கு ஒரு நிறமா என்று மாற்றிக்கொள்ளவும் அந்த மென்பொருளில் வசதி செய்து தொலைத்திருக்கிறார்களே! மனிதர் அங்கேயே குடியிருக்கிறார்.

வீட்டிலும் இதே கூத்துதான். டிவியில் பந்தாட்டம் தொடங்கியதும் புல் இன்னும் பச்சையாக வேண்டும் என்று ரிமோட்டோடு மல்லுக்கட்டுவார்.

"பச்சையாயிடுச்சுங்க. ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சு" என்பார் மனைவி.

ஒருநாள் காலையில் மேலாளர் அம்மா அவர் மேசைக்கே வந்துவிட்டார். "இந்த ஒரு தெருவைச் சாயங்காலத்துக்குள்ள தப்பில்லாம முடிச்சுக் குடுங்க சார். டீம் லீடர் பதவி உங்களுக்குத்தான்."

பெயின்டருக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷத்து ஆசை! உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"முதல்ல வேலையை முடிங்க. அப்புறம் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார் மனைவி.

வேலையில் இறங்கினார். அதாவது, நிறத்தில் இறங்கினார். மரத்துக்குக் கொடுத்த ஆரஞ்சு கண்ணைக் குத்தியது, மாற்றினார். சுவருக்கு ஊதா வந்ததும் லாரி எடுபடவில்லை; மறுபடி மாற்றினார். ஜன்னல் திரையை மூடச் சொன்னார், விளக்கை அணைக்கச் சொன்னார், கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்து சீட்டுப் பெண்ணோ, மென்பொருள் திறந்தபோது இருந்த அதே சாம்பல் நிறத்தில் பெட்டிமேல் பெட்டியாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இந்த அழுக்குக் கலர்ல எப்படிம்மா உனக்குக் கண்ணு தெரியுது?"

"தெரியுதுண்ணா."

ஐயோ பாவம், ரசனை இல்லாத பெண் என்று பெயின்டர் மனமார இரக்கப்பட்டார்.

மாலை நெருங்கியபோது ஒரே ஒரு குறை மிச்சம். தரை! மணலைக் கொட்டியதுபோல் தெருவெங்கும் புள்ளிகள். முழங்கால் உயரத்துக்குக் கீழே இருப்பது எதுவுமே தெரியாதபடி, திரையோரத்து உயர அளவுகோலை மவுஸால் ஒரு இழு இழுத்தார். ஆஹா! தெரு போயே போய்விட்டது. வண்டிகளும் மரங்களும் பளிச்சென்று நின்றன. நாலடி பின்னால் போய் நின்று பார்த்துப் பூரித்துப்போனார்.

"வந்து பாரும்மா."

"அழகா இருக்குண்ணா. பெட்டி எங்கே?"

"போட்டாப் போச்சு. அதுக்கென்ன?"

கடைசி அரைமணியில் சரசரவென்று போட்டு அனுப்பியும் வைத்தார். மேலாளர் அம்மா அதைச் சாதாரணச் சாம்பல் நிறத்தில் திறந்தார். பெயின்டரைக் கூப்பிட்டார்.

"இந்தக் காருக்குப் பக்கத்துல என்ன இருக்கு சார்?"

"ஒண்ணுமில்லையே மேடம்."

"ரெண்டு கால் இருக்கு."

உற்றுப் பார்த்தார். இருந்தன. யாரோ ஒரு மெக்கானிக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, காலைத் தெருவில் நீட்டிக்கொண்டு பழுது பார்த்திருக்கிறார்.

"தரை அசிங்கமா இருந்துச்சு மேடம். அதான் மறைச்சேன்."

"ஆளையும் சேர்த்து மறைச்சுட்டீங்களே சார்! இதைப் படிச்சுட்டு ஓடுற கார் நாளைக்கு ஒருத்தர் கால்மேல ஏறினா?"

பதவி போன வருத்தத்தைவிட, முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துத்தான் பெயின்டர் அதிகம் கூசிப்போனார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை.

பதவி பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் போனது. மறுநாள் முதல் ஆளாகப் போய் வாழ்த்தியவரும் பெயின்டர்தான். வாழ்த்திய கையோடு, "இந்த நாற்காலி உயரம் சரியில்லம்மா, கொஞ்சம் எந்திரி" என்றார். பகல் சாப்பாடு வரை புது டீம் லீடர் நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, விளக்கை வாகாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்கிறீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால், ஏதோ ஒரு வேலையைத் தொடங்குமுன் ஐந்தே நிமிஷம் என்றுதானே இதைக் கையில் எடுத்தீர்கள்? அந்த வேலை என்ன ஆயிற்று?