மாப்பிள்ளை வீட்டு பிளக் பாயிண்ட்

கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பயம். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன் என்பதுதான் காரணம். என் கொள்கை ஒரு போன் பேட்டரியைப் பற்றியது.

வாங்கி நான்கு வருடமான என் போன் திடீரென்று நிதானமாகிவிட்டது. நம்பரை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் கூப்பிடும். கேமரா திறப்பதற்குள் போட்டோவுக்கு நின்றவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். தாராவியில் எங்கள் சந்து முனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முருகேசன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"பேட்டரிக்கு வயசாயிட்டு அண்ணே. பேட்டரி பழசானா கம்பெனிக்காரனே ஸ்பீடக் கொறச்சிருவான். புதுசு போட்டா மக்கன் மாதிரி, வெண்ணெயா வழுக்கிட்டு ஓடும். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் 'கம்பெனிக்காரனே' என்ற ஒரு சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் போனை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மெதுவாக்க அவன் யார்? தப்பு செய்தவன் அவன், பேட்டரி மாற்றுவது நானா? கம்பெனிக்கு மூன்று மெயில் அனுப்பினேன். (உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது.) பிறகு செட்டிங்ஸை இரண்டு நாள் துழாவி, அந்த வேகக் குறைப்பை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன். போன் பறந்தது.

"வேண்டாண்ணே. பழைய பேட்டரி தாங்காது. பொசுக்குன்னு ஆஃப் ஆயிரும். அதுக்குத்தான் அவன் மெதுவா ஓட விடுதான்" என்றான் முருகேசன். கோழையின் பேச்சு என்று ஒதுக்கினேன். அன்று முதல் என் போன் வேகமாக ஓடி, முப்பது சதவீதம் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மூர்ச்சையாகத் தொடங்கியது.

இந்த நிலையில்தான் என் தங்கை செல்விக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சரவணனுக்குக் குவைத்தில் வேலை, பெற்றோர் மும்பையிலேயே, செம்பூரில். அப்பா காலமாகிவிட்டதால் வீட்டில் பெரிய ஆண்பிள்ளை நான். (வயதில் மட்டும்.) மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் பால்துரை மாமாவும் போவது, சரவணன் டிவியில் வீடியோ காலில் வருவது, அவன் வாயால் சம்மதம் கேட்டதும் தட்டு மாற்ற நாள் குறிப்பது என்று ஏற்பாடு.

கிளம்பும்போது செல்வி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, எனக்கு இந்த எடம் பிடிச்சிருக்கு. உன் வாய வச்சுக் கெடுத்துராத." மூன்று வரன்களை வேண்டாம் என்றவள் முதன்முறையாகப் பிடித்திருக்கிறது என்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன்.

பஸ்ஸில் போகும்போது அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணே, சொல்ல மறந்துட்டேன். அவருகிட்ட மூணு விசயம் கண்டிப்பா கேட்டுரு. அதக் கேக்காமச் சரின்னு சொல்லிராத. ஒண்ணு..." போன் அணைந்தது. முப்பத்து நான்கு சதவீதம்.

"மாமா, உங்க போனக் குடுங்க."

"வீட்ல சார்ஜ்ல போட்டுருக்கேம்ல."

செம்பூர் வீட்டில் நல்ல வரவேற்பு. சரவணனின் அப்பா, டிராம்பேயில் ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வணக்கம் சொன்ன கையோடு என் கண் சுவரெல்லாம் ஓடியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போன உடனே பிளக் பாயிண்ட் கேட்பது நம் குடும்பக் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தேன். (கௌரவத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை.) நான் உட்கார்ந்த சோபாவுக்குப் பின்னாலேயே ஒரு போர்டு இருந்தது. அதில் இரண்டு பிளக். ஒன்று டிவிக்கு. இன்னொன்றின் மெல்லிய வயர் அலமாரிக்குப் பின்னால் ஏறி, மேலே சாமி படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் லைட் பக்கம் போனது. சாமி பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார் என்று முடிவு செய்தேன்.

டிவியில் சரவணன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவன் அப்பா தொண்டையைச் செருமினார். "ஏய்யா, பொண்ணோட அண்ணன் வந்திருக்காவ. உனக்குச் சம்மதம்தானா? அவுக முன்னாலயே சொல்லிரு."

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று நான் கையைப் பின்னால் விட்டு, மெல்லிய வயரைப் பிடுங்கி, என் சார்ஜரைச் செருகினேன்.

சரவணன் வாய் திறந்தது. அப்படியே நின்றது. பிறகு ஆளே காணோம். 'கால் எண்டெட்' என்று டிவி அறிவித்தது.

அவன் அப்பா தன் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். போகவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, அவன் அப்படிப்பட்ட பய இல்ல..."

எனக்குள் இருந்த கொள்கைவாதி எழுந்து நின்றான். கூடவே நானும் நின்றேன். "பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும் அண்ணாச்சி! கேட்டுக்கிட்டு இருக்கும்போதே கட் பண்ணா என்ன அர்த்தம்? போன் கம்பெனிக்காரன்தான் நம்மகிட்ட சொல்லாம எல்லாம் செய்யுதான்னா, மனுசனுமா?"

மாமா என் சட்டையை இழுத்தார். நான் விடவில்லை. "எங்க பொண்ணு ஒண்ணும் எறங்கிப்போகல. இந்தச் சாமி சாட்சியாச் சொல்லுதேன்" என்று கையை உயர்த்திச் சாமி படத்தைக் காட்டினேன்.

சீரியல் லைட் ஜோராக மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த அறையில் அதன் பொருள் எனக்கு மட்டும்தான் புரிந்தது. கையை இறக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் "வாங்க மாமா, போவோம்" என்றேன்.

வாசல்வரை கம்பீரமாகத்தான் நடந்தேன். செருப்பையும் மாட்டிவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, போன் சார்ஜில் இருக்கிறது. அதில்தான் செல்வியின் மூன்று கேள்விகளும் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்து, மன்னிக்கணும் என்று முணுமுணுத்தபடி சோபாவுக்குப் பின்னால் குனிந்தேன். உதவுவதற்காகச் சரவணனின் அம்மாவும் குனிந்தார்கள்.

"தம்பி, இந்த வைஃபை வயர யாரு கழட்டுனது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சாமியைப் பார்த்தார்.

வயர் மாட்டப்பட்டது. அந்தப் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வரும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையின் நீண்ட இரண்டு நிமிடம் அது. டிவியில் சரவணன் மறுபடி வந்தபோது தலை கலைந்து, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "சம்மதம்னு சொன்ன உடனே கட் பண்ணிட்டீங்களே! என்னைப் பிடிக்கலியா? அப்பா போனுக்கும் போவல, மச்சான் போனும் சுவிட்ச் ஆஃப்" என்றான். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, மெயில், கொள்கை, வாய்ஸ் மெசேஜ். "சரி தம்பி, அந்தக் கேள்விகள இப்பவே போடுங்க. அவனே பதில் சொல்லட்டும்" என்றார் அவன் அப்பா. நானும் போட்டேன். (முதலில் தனியே கேட்டிருக்கலாம். ஆனால் அன்று புத்திசாலித்தனத்துக்கான நாள் அல்ல.) சபையில் செல்வியின் குரல் கணீரென்று வந்தது.

"ஒண்ணு, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். ரெண்டு, குவைத்துக்குப் போனாலும் நம்ம அம்மாவ வருசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கணும். மூணு, கூப்பிட்டா போன எடுப்பாரா? உன்ன மாதிரி அவசரத்துக்கு சுவிட்ச் ஆஃப் ஆகுற ஆளுன்னா எனக்கு வேண்டாம்ணே."

முதலில் சிரித்தது அவன் அம்மா. சரவணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மூணுக்கும் சரி மச்சான். மூணாவத இப்பமே செல்வி நம்பர்ல கூப்பிட்டுச் சொல்லிருதேன்" என்றான்.

மறுநாள் காலை முருகேசன் கடை திறக்கும் முன்பே நான் வாசலில் நின்றேன். அரை மணி நேர வேலை என்றவன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டான்.

கல்யாணத்தன்று வழக்கப்படி நான் மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட்டேன். பதிலுக்கு அவர் சபை முன்னால் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பெட்டியைத் தந்தார். உள்ளே ஒரு பவர் பேங்க். போட்டோக்காரர் அதை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்திருக்கிறார்.

வருடங்கள் ஓடிவிட்டன. செல்வியும் மாப்பிள்ளையும் குவைத்திலிருந்து செம்பூருக்கே திரும்பிவிட்டார்கள். செம்பூர் வீட்டில் அந்த போர்டுக்கு இப்போது ஒரு கம்பி மூடி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி செல்வியின் இடுப்பில். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் சம்மதம் கேட்க உட்கார்ந்தாலும் பால்துரை மாமாவின் குரல்தான் முதலில் கேட்கும்.

"ஏல, அவன் ரெண்டு கையும் மடியில இருக்கான்னு பாத்துட்டுக் கேளுங்க."