செத்தவர் திரும்பி வருவார் என்று நான் சொன்ன படம்

இந்தக் கதையில் வரும் மழை, சைக்கிள், சாக்கடை மூன்றையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. தியேட்டர் ஆப்பரேட்டர் சொல்லித்தான் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி அவமானம் முழுக்க நான் நேரில் பட்டது.

எனக்குக் கொடுத்தது சின்ன வேலை. மூன்று படம் பார்க்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் பேட்டைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை ஒழுகியது. பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள். புதுக் கூரைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவிக் காட்சி நடத்தப் பள்ளிக் குழு முடிவு செய்தது. தியேட்டர் பேசியாகிவிட்டது, டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. என்ன படம் என்பது மட்டும்தான் பாக்கி.

குழுத் தலைவர் வீராசாமி அண்ணனுக்குச் சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“தம்பி, நீங்க பி.ஏ. படிச்சவரு. நாங்க பாத்தா பாட்டு நல்லாருக்கு, சண்டை நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம். எது தரமான படம்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“சரிண்ணே.”

“காட்சி நல்லபடியா முடிஞ்சா, வாத்தியார் வேலைக்கு உங்க பேரைத்தான் குழுவில சொல்லுவேன்.”

“முடியலைன்னாண்ணே?”

அவர் வெல்லத்தின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினார். 

பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான் என்பதைத் துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். பாஷை தெரியாத மாலுமிகளிடம்கூட! அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் தினமும் அவரிடம், “பையனுக்கு வேலை கெடச்சிருச்சா?” என்று கேட்டார்கள்.

அதனால் நான் இதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், அது உடைந்தால் இன்னொரு பென்சில்.

முதலாவது ராஜா படம். கதாநாயகன் புலியோடு சண்டை போட்டார். புலி மூன்று முறை கொட்டாவி விட்டது. எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது மாமியார் கொடுமை. மருமகள் எழுத்துப் போடும்போதே அழத் தொடங்கினாள். இடைவேளையில் நான் காப்பி குடித்துவிட்டு வந்த பிறகும் அழுதாள். பக்கத்து நாற்காலி அம்மா என் கைக்குட்டையை இரவல் வாங்கினார். அது திரும்பி வரவில்லை.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை மதியக் காட்சி. ஓர் ஏழை மெக்கானிக், அவரைக் கட்டிக்கொண்ட பணக்காரப் பெண், இருவரையும் துரத்தும் முறைமாப்பிள்ளை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் முறைமாப்பிள்ளை துப்பாக்கியால் சுட்டான். மெக்கானிக் நீளமாக ஒரு வசனம் பேசிவிட்டுச் செத்துப்போனார். கொள்ளி வைத்தார்கள். மனைவி வெள்ளைச் சேலை கட்டினாள்.

அடுத்த நிமிடம் அதே மெக்கானிக் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். அவள் தலை நிறையப் பூவோடு பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

படிக்காதவன் என்றால் “என்னய்யா இது?” என்று கத்தியிருப்பான். நான் படித்தவன். அன்புக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று டைரக்டர் சொல்கிறார்! நோட்டில் ‘புது உத்தி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வீராசாமி அண்ணனிடம் விளக்கினேன்.

“செத்தவன் எப்படித் தம்பி திரும்பி வர்றான்?”

“அதாண்ணே புது உத்தி. காரணம் சொல்ல மாட்டாங்க.”

“பேயா?”

“பேய் இல்லண்ணே.”

“அப்ப டாக்டர் தப்பாச் சொல்லிட்டாரா?”

“படத்துல டாக்டரே கெடையாதுண்ணே. நாமதான் யோசிக்கணும்.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் லா” என்று விட்டுவிட்டார்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு காலை அரங்கம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் அப்பா, கல்யாணத்துக்குப் போடும் சட்டையோடு. படத்துக்கு முன்னால் என் கையில் மைக் கொடுத்தார்கள்.

“கதாநாயகன் இறந்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். அவர் கட்டாயம் திரும்பி வருவார். பொறுமையாகக் காத்திருங்கள்!”

பலத்த கைதட்டல்.

படம் ஓடியது. நான் குறித்துவைத்த இடத்தில் கதாநாயகன் சாகவில்லை. நோட்டைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மனிதர் மிகுந்த ஆரோக்கியத்தோடு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்.

புட்டுமாயம் என்னும் இடியாப்பம் விற்கும் அஞ்சலை அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். “தம்பி, எப்ப சாவாரு?”

“இதோ அக்கா... இப்ப...”

ஒருவழியாகக் கடைசியில் சுட்டார்கள். “செத்துட்டாரு! இனிமே வருவாரு பாரு!” என்று அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளைச் சேலை வந்தது. போலீஸ் வந்தது. மாலை போட்ட போட்டோ வந்தது. ‘வணக்கம்’ என்று எழுத்து வந்தது. விளக்கும் வந்தது.

அவர் மட்டும் வரவில்லை.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“படம் முடிஞ்சிருச்சு, எந்திரிங்க!” என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

“செத்தவரு இன்னும் வரலியே?” என்றார் அஞ்சலை அக்கா.

“செத்தவரு எப்படிம்மா வருவாரு?”

“பி.ஏ. படிச்ச தம்பி மைக்குல சொன்னாரு. நீ என்ன படிச்சிருக்கே?”

காலால் தரையைத் தட்டத் தொடங்கினார்கள். மேனேஜர் ஓடிவந்தார். வெளியே அடுத்த காட்சிக்குக் கூட்டம் வரிசை கட்டியிருந்தது. ஆப்பரேட்டர் மாடியிலிருந்து இறங்கிவந்து, நான் பார்த்த கிழமையைக் கேட்டார். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

“ரெண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்டு தம்பி. அங்க ஓடின ரீலை எங்க ஆளு காசி சைக்கிள்ல வச்சு இங்க கொண்டாருவாரு. அன்னைக்கு மழையில ஃபேரர் பார்க்கிட்ட வழுக்கி, ரீலோட சாக்கடையில விழுந்துட்டாரு. டப்பாவுல ஒட்டின நம்பர்ச் சீட்டெல்லாம் கழண்டுபோச்சு. மனுசன் குத்துமதிப்பா ஒட்டியிருக்காரு. ஒம்பதும் பன்னெண்டும் மாறிப்போச்சு. நேத்துதான் நான் கவனிச்சுச் சரி பண்ணினேன்.”

‘இதுவே அதைவிடப் புதிய உத்தி’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. துணிச்சல் வரவில்லை. மைக்கை வாங்கினேன்.

“நான் பார்த்தது ரீல் மாறிய படம். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி உங்களிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.”

அப்பா குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் சரி,” என்றார் அஞ்சலை அக்கா. “ஆளைக் கொண்டாங்க!”

“கொண்டாங்க! கொண்டாங்க!” என்று மொத்த அரங்கமும் எழுந்தது.

மேனேஜர் வெளி வரிசையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். “அந்தச் சைக்கிள் பாட்டு ரீலை இன்னொரு வாட்டி போட்டுத் தொலைங்கய்யா!”

செத்தவர் சைக்கிளில் வந்தார். அப்படி ஒரு விசில் சத்தம் நான் அதுவரை கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் எல்லாரும் தாங்களாகவே எழுந்து சிரித்துக்கொண்டே போனார்கள்.

வாசலில் வீராசாமி அண்ணன் நின்றார்.

“உங்க பேரைத்தான் சொல்லப்போறேன் தம்பி. தெரியலைன்னு மைக்குல சொல்ற வாத்தியாரை நான் பாத்ததே இல்ல. ஆனா அடுத்த தடவ படத்தை அஞ்சலை பாக்கட்டும்.”

மனம் கேட்காமல் மறுநாள் இரண்டு தியேட்டருக்கும் போய் விசாரித்தேன். ரீல் மாறியபடியே படம் ஏழு நாள் ஓடியிருக்கிறது. குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. பாராட்டியவன் நான் ஒருவன்தான்.