ஞாயிற்றுக்கிழமை மூட்டை

மாதா கோயிலில் சிலுவை போடத் தூக்கிய இன்னாசியின் கை மார்புவரை வந்து நின்றுவிட்டது. மேலே போக மறுத்தது. வேறு வழியில்லாமல் நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தான்.

"பூசையில குனிஞ்சி இன்னாய்யா தேடுற?" என்றாள் மனைவி சிலுவையம்மாள்.

"ஒன்னுமில்ல. கம்முனு கெட."

இன்னாசி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வாரத்தில் ஆறு நாள், வேலை முடிந்ததும், பயில்வான்களைப் பழக்கும் காஜா மொய்தீன் வஸ்தாதின் கொட்டகையில் இரும்பு தூக்குவான். தொழிலாளர் விழாவில் பழைய நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கும் போட்டி உண்டு. இரண்டு வருஷமாகத் தண்டபாணியிடம் தோற்றாயிற்று. இந்தத் தடவையும் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக டீக்கடையில் ஊரறியச் சொல்லித் தொலைத்திருந்தான். மீசைக்கு வயசு பதினெட்டு.

வஸ்தாது ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெயம எவனும் இரும்பத் தொடக்கூடாது. தூக்கசொல்ல ஒடம்பு தேயும். படுத்துகினு கெடக்கசொல்லதான் வளரும்."

இன்னாசி நம்பவில்லை. படுத்தால் உடம்பு வளருமென்றால் மீன் மார்க்கெட்டில் தூங்குகிறவனெல்லாம் பயில்வானாகியிருக்க வேண்டாமா? தண்டபாணியும் அதே கொட்டகைதான். அவனை ஜெயிக்கவைக்க இது வஸ்தாது செய்யும் வேலை.

அதனால் ஞாயிறுதோறும் திருட்டுத்தனமாக அம்மிக்கல்லைத் தூக்கினான். அதில்தான் கை மக்கர் செய்தது. கை மக்கர் செய்தால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். கோயிலிலிருந்து வந்ததும் சாக்கில் மணலை ரொப்பிக் கொல்லையில் போட்டு, பொழுது சாயும்வரை தூக்கினான்.

பக்கத்து வீட்டில் மெத்தை தைக்கும் ஜஹாங்கீர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். "மாமு, உசுரு கீதா?"

அன்றைக்குச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் கை வரவில்லை. சிலுவையம்மாள் ஊட்டினாள்.

"வஸ்தாது பேச்ச கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?"

"நீயும் அந்தாளு கட்சியா?"

அவள் கொல்லையில் கிடந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கவளமும் அவள் கையில்தானே இருந்தது? கேட்காமல் விட்டான்.

அடுத்த ஞாயிறு மூட்டை கொஞ்சம் லேசாகத் தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் லேசு. நாலாவது ஞாயிறு ஒற்றைக் கையால் தூக்கிவிட்டான்.

"பலம் ஏறிகினே போவுதுடி!"

"ஏறும், ஏறும்" என்று அவன் தலையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கை ஊதிவிட்டாள். கொட்டகையிலும் இரும்பு முன்னைவிடச் சுலபமாக மேலே போயிற்று.

போட்டியன்று தண்டபாணிக்கு நங்கூரம் தோள்வரைதான் வந்தது. இன்னாசி தலைக்குமேல் தூக்கி, கூட்டம் இருபது எண்ணும்வரை நின்றான். மாலையும் மீசையுமாக வீடு வந்தவன், கூட வந்த வஸ்தாதை வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"நைனா, உன் பேச்ச கேட்டு தூங்கிகினு இருந்தா மீச பூட்டிருக்கும். நாலு வாரமா ஞாயித்துக்கெயமல மணல் மூட்ட தூக்குனேன், தெரிமா?"

வஸ்தாது தாடியைச் சொறிந்தார். முகம் சுண்டிவிட்டது. "அப்ப நாப்பது வருசமா நான் சொன்னது தப்பாடா?"

"அப்ப இனிமே ஞாயித்துக்கெயமயும் கொட்டாய தொறந்துடு வஸ்தாது!" என்றான் கூடவே வந்திருந்த தண்டபாணி.

வஸ்தாது சம்மதிக்க வாயெடுத்தார். அப்போது சுவர்மேல் ஜஹாங்கீரின் தலை தெரிந்தது.

"சிலுவம்மா, போட்டிதான் முட்ஞ்சிபோச்சே, அந்த மூட்டையில மணலுக்குப் பதிலா நீ ரொப்பி வெச்ச என் இலவம்பஞ்ச திருப்பிக் குட்த்துடும்மா."